“பவளம் வளர்க்கலாமா டீச்சர்?”

சிங்கப்பூரில் மகள் வீட்டில் எடுத்த பவளத் தொட்டிப் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். “நம்ம ஊர்ல வைக்கலாமா டீச்சர், என்ன செலவாகும்?” என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். அதில் நாலு பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று சொல்லாமல் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஒரு வரி. நம் கடலில் இருந்து எடுத்த பவளத்தை வீட்டில் வைக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டு பாறை கட்டும் பவளங்களை முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கடலில் இருந்து உயிரோடு பெயர்த்தாலும், செத்த கல் என்று பொறுக்கினாலும் ஒன்றுதான். எந்தக் கடையிலாவது உங்களுக்கு ரகசியமாகப் பவளம் காட்டி விலை சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இனி காரணம். பவளவண்ணப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம். பவளம் என்றால் நமக்குச் சிவப்பு, செவ்வாய்க்கு மோதிரம். அந்த மோதிரப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் வளர்கிற வேறு இனம். நான் சொல்வது பாறை கட்டும் பவளம். அது பச்சையாகவும் ஊதாவாகவும் பழுப்பாகவும் இருக்கும், மான்கொம்பு மாதிரி கிளைத்திருக்கும், மனித மூளை மாதிரி சுருண்டிருக்கும். பார்க்கச் செடி, தொட்டால் கல். உண்மையில் அது பிராணிகளின் கூட்டம். கடுகளவு, மிளகளவு பிராணிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடல்நீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்து அடியில் சுண்ணாம்புக் கல்லாகக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான்.

சிங்கப்பூரில் முறையான அனுமதியோடு இறக்குமதி செய்த பவளங்களைக் கடையில் விற்கிறார்கள். என் மருமகன் மூன்றடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். இருநூறு லிட்டர் இருக்கும். நானும் வீட்டுக்காரரும் இரண்டரை மாதம் தங்கப் போனபோது, இறங்கிய அன்றைக்கே பேத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நிறுத்தினாள். “பாட்டி, இது செத்துக்கிட்டு இருக்கு.” ஐந்து மான்கொம்புப் பவளங்களில் ஒன்று அடியிலிருந்து தோல் உரிந்தது போல் வெள்ளையாகி நின்றது. இன்னொன்றில் உரிதல் ஆரம்பித்திருந்தது. மற்றவை மங்கிப் பழுப்பேறிக் கிடந்தன.

நான் படித்தது இடைநிலை ஆசிரியர் பயிற்சி. முப்பத்தைந்து வருடம் ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணக்கும் எடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போட்டவர். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தால் மற்றவர்கள் சாயப்பொடியைக் குறை சொல்வார்கள். அப்பா முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவார். எந்தக் கிணற்றுத் தண்ணீர், நேற்று மழை பெய்ததா, சோப்பு நுரைத்ததா, இப்படி வரிசையாகக் கேட்பார். உப்புத் தண்ணீரில் பட்டு நூலைக் காய்ச்சிப் பசை எடுத்தால் சோப்பு திரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சாயமும் ஒழுங்காக ஏறாது. அந்தப் பழக்கத்தில் மருமகனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “தண்ணிக் கணக்கு எங்க எழுதி வச்சிருக்கீங்க மாப்ளே?”

எழுதவில்லை. வாரம் ஒரு தடவை சோதித்து, எண் குறைந்திருந்தால் ஒரு மருந்தை ஊற்றுவாராம். “குறையுது அத்தை, ஊத்தறேன், மறுபடி குறையுது. ஆறு வாரமா இதான்.”

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். தேதி, நேரம், வெப்பம், உப்பு, பி.எச்., காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம். காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சோதனை, பத்து நாள், அதுவரை எதையும் மாற்றக் கூடாது என்று நிபந்தனை. மருமகனுக்கு அந்தப் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணெதிரே உரிந்துகொண்டிருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது யாருக்கும் எளிதில்லை. ஆனால் நோய் தெரியாமல் நாலு மருந்து ஊற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

டெஸ்ட் கிட் என்று சிறு டப்பா வருகிறது. கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை அளந்து எடுத்து, நிறங்காட்டி விட்டு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் போய் இளஞ்சிவப்பு வரும்போது எத்தனை சொட்டு என்பதுதான் காரத்தன்மை. நாங்கள் பள்ளியில் ஆய்வகம் என்று ஒரு மர அலமாரியை வைத்துக்கொண்டு செய்த அதே வேலை. நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைக் கண்டுபிடிப்பதில் எனக்கும் பேத்திக்கும் போட்டி. சாயக்காரர் மகளிடம் நிறத்தில் போட்டி போட முடியுமா! (மூன்றாம் வாரத்தில் அவள் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டாள்.)

பத்து நாள் கணக்கைப் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது. வெப்பமும் உப்பும் சரியாக இருந்தன, அதை விட்டுவிடலாம்.

முதலாவது பி.எச். கடல்நீரில் 8.1, 8.2 இருக்க வேண்டும். இங்கே இரவு 8.0, காலையில் 7.8. இரவில் குறைவது இயல்பு. வெளிச்சம் இல்லாதபோது பாசி கரியமில வாயுவை எடுக்காது, எல்லா உயிரும் மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பகலிலும் ஏன் ஏறவில்லை? அந்த வீட்டில் ஜன்னல் திறப்பதே இல்லை. ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்களும் போய்ச் சேர்ந்ததும் ஐந்து பேர் விடும் மூச்சு அந்த அறைக்குள்ளேயே சுற்றுகிறது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சின்னச் சோதனை செய்தோம். இரண்டு டம்ளர் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஒன்றில் வீட்டுக்குள்ளும் மற்றொன்றில் வெளி காரிடாரிலும் சின்னக் காற்றுப் பம்பை ஒரு மணி நேரம் ஓட விட்டோம். உள்ளே இருந்தது 7.8லேயே நின்றது. வெளியே இருந்தது 8.1க்கு ஏறிவிட்டது. அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி நின்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்து என்னவோ கேட்டார், நானும் தலையாட்டி வைத்தேன். மறுநாள் தொட்டியின் கழிவு நுரையைப் பிரிக்கும் கருவிக்குக் காற்று இழுக்கிற குழாயை மருமகன் ஜன்னல் வழியாக வெளியே விட்டார். செலவு ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்.

இரண்டாவது, காரத்தன்மை. பவளம் கல் கட்ட இதுதான் செங்கல். கடலில் ஏறக்குறைய 7 டி.கே.எச். இருக்கும், தொட்டிக்காரர்கள் 8 வைத்துக்கொள்கிறார்கள். இங்கே 6க்கு இறங்கும், மருமகன் ஒரே மூச்சில் ஊற்றி 9க்கு ஏற்றுவார், மறுபடி இறங்கும். மான்கொம்புப் பவளம் எண் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தாங்கும், இப்படி ஊஞ்சல் ஆடினால் தாங்காது. தோல் உரிந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் ஊற்றியது எங்கே போகிறது? நோயாளிப் பவளம் அவ்வளவு கல் கட்டியிருக்க முடியாது. பதில் பம்பைக் கழற்றியபோது கிடைத்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பொருக்கு. நம் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே சுண்ணாம்பு. அவர் ஊற்றியதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் பம்பில் போய்க் கல்லாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது அதற்கான காரணம், மெக்னீசியம். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 1300 மில்லிகிராம் பக்கம் இருக்க வேண்டும். இங்கே 1100. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் கரையக்கூடிய அளவுக்கும் மேலேயே இருக்கின்றன. அவை எந்த நேரமும் சேர்ந்து சுண்ணாம்பாகிவிடத் துடிக்கும். அப்படி ஒரு துகள் உண்டாக ஆரம்பித்தால் மெக்னீசியம் போய் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வளர விடாமல் தடுக்கிறது. பந்தியில் இரண்டு சண்டைக்காரச் சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார வைக்கிற பெரியவர் மாதிரி. அவர் எழுந்து போய்விட்டால் கைகலப்பு. புதிதாகக் கலக்கிய உப்புநீரைச் சோதித்தோம், அதிலேயே குறைவு. மூட்டையில் வரும் உப்பைக் குலுக்காமல் மேலிருந்து அள்ளினாலும் இப்படி ஆகலாம் என்கிறார்கள். மருமகன் வேறு மூட்டை வாங்கினார். மெக்னீசியத்தை ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல 1300க்குக் கொண்டுவந்தோம். அதற்கப்புறம்தான் காரத்தன்மையில் கை வைத்தோம். இந்த வரிசை மாறினால் இன்னும் பொருக்குதான் படிந்திருக்கும்.

காரத்தன்மைக்கு என்ன மருந்து தெரியுமா? சுண்ணாம்புத் தெளிநீர்! மருமகன் ஜெர்மன் பெயர் ஒன்றைச் சொல்லி டப்பாவைக் காட்டினார். நான் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றிய சுண்ணாம்பு. (வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று யாரும் கேட்காதீர்கள். தொட்டிக்குச் சுத்தமாகத் தயாரித்ததுதான் வேண்டும்.) ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒன்றரை கிராம் போல்தான் கரையும். கலக்கி மூடி வைத்து, அடியில் தங்கியதைக் கலைக்காமல் மேல் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து, அவ்வளவு காரம். தொட்டியில் தினமும் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக, இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக இதை விட்டோம். பி.எச். இறங்கும் நேரத்தில் இது ஏற்றும். பவளம் கல் கட்ட எந்த விகிதத்தில் கால்சியமும் காரமும் எடுக்கிறதோ அதே விகிதத்தில் இது இரண்டையும் கொடுக்கும். ஊஞ்சல் நின்றது. நாங்கள் கிளம்பும் வாரத்தில் காலையில் 8.1, இரவில் 8.3. காரத்தன்மை 7.9, 8.0, 7.9, 8.0 என்று நோட்டில் வரிசையாக இருந்தது.

ஐந்தில் இரண்டு போய்விட்டன. பேத்தி அந்த இரண்டு வெள்ளைக் கொம்புகளையும் எடுக்க விடவில்லை. மீதி மூன்றில் நுனிகள் மறுபடி வெளிறி ஊதா காட்டின. நுனி மட்டும் வெளிறினால் வளர்கிறது என்று அர்த்தம்.

இதைச் சொல்ல இவ்வளவு எழுத வேண்டுமா என்றால், அந்தச் சுண்ணாம்பு டப்பா என்னை விடவில்லை. தொட்டிக்காரர்கள் சுண்ணாம்பைக் கரைத்து விட்டுப் பவளம் வளர்க்கிறார்கள். நம் தென்கடற்கரையில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள்.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் நம் பவளப் பாறைகள், மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். சுண்ணாம்புக்கும், தொழிற்சாலைக்கும், வீடு கட்டவும் தோணி தோணியாக அங்கிருந்து கல் எடுத்தார்கள். தொண்ணூறுகளில் பிள்ளைகளை ராமேஸ்வரம் சுற்றுலா அழைத்துப் போனபோது தனுஷ்கோடியில், 1964 புயலில் இடிந்த கட்டடச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு பிராணி உட்கார்ந்திருந்தது என்றதும் ஒரு பையன் கையை எடுத்துக்கொண்டான். அந்தக் காலத்து ஆட்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. கூலிக்கு மூழ்கியவருக்கு அது கல், வேறு யாரும் அவருக்கு எதுவும் சொல்லித்தரவில்லை.

பார் இருந்தவரை அலை அதில் மோதி உடைந்து தீவுக்கு மெதுவாக வந்தது. பார் போனதும் அலை நேராகத் தீவைத் தின்ன ஆரம்பித்தது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலங்குச்சல்லி என்று இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு தேய்ந்து தேய்ந்து 2015இல் ஏறக்குறைய இரண்டு ஹெக்டேர்தான். 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் கல் எடுப்பது முழுதாக நிற்கவில்லை. 2001 சட்டத்துக்கும் அப்புறம், 2005 வாக்கில்தான் நின்றது. நான் மேலே ‘குற்றம்’ என்று எழுதிய அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான். ஒரு தொட்டிக்காக ஒரு கொம்பு என்றுதான் ஆரம்பிக்கும்.

வெட்டுவது நின்றால் போதுமா? 2016 கோடையில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் கூட்டமாக வெளுத்தன. இந்த வெளுப்பு மருமகன் தொட்டியில் பார்த்த வெள்ளை இல்லை. அங்கே தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. இங்கே தோல் இருக்கும், சூடு தாங்காமல் உள்ளே இருந்த பாசி வெளியேறிவிடும், கண்ணாடி போன்ற சதை வழியே அடியில் இருக்கும் வெள்ளைக் கல் தெரியும். அப்போது பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரத்தில் சூடு தணிந்தால் பாசி திரும்பும். அந்த வருடம் பலவற்றுக்குத் திரும்பவில்லை. அடிநிலத்தில் நூற்றுக்கு 39 பங்கு இருந்த உயிர்ப்பவளம் 23 பங்காகக் குறைந்தது என்று தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் மூழ்கிப் பார்த்துக் கணக்கிட்டார்கள். அவர்கள்தான் 2002இலிருந்து உடைந்த பவளக் கிளைகளைச் சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். 2015இலிருந்து வான் தீவுக்கு முன்னால் துளை வைத்த பெரிய சிமெண்ட் கட்டுமானங்களை அரசாங்கச் செலவில் இறக்கினார்கள். அலை தணிந்தது, மணல் சேர்ந்தது, அந்தச் சிமெண்டிலேயே குட்டிப் பவளங்களும் வந்து ஒட்டின.

“தொட்டியில சரி பண்ண மாதிரி கடல்லயும் சுண்ணாம்பு விட்டா என்ன பாட்டி?” என்று பேத்தி கேட்டாள். இருநூறு லிட்டருக்கே இரண்டரை மாதம் ஆயிற்று. மருமகன் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டார், வெளியே நல்ல காற்று இருந்தது. கடலுக்கு எந்த ஜன்னல்? நாம் எரிக்கும் கரியும் பெட்ரோலும் விடும் கரியமில வாயுவில் கால்பங்கு கடலில்தான் கரைகிறது. தொழிற்சாலைகள் வருமுன் 8.2 இருந்த கடலின் பி.எச். இப்போது 8.1க்கு வந்திருக்கிறது. சின்ன எண்ணாகத் தெரிகிறதா? பி.எச். என்பது பெருக்கல் கணக்கு. அமிலத்தன்மை நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அதற்குப் பொருள்.

நன்னீர் மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக வையுங்கள். நம் ஊர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அது பிடிக்கிற மீனாகப் பார்த்து வாங்குங்கள். கப்பி, மோலி இரண்டும் அந்தத் தண்ணீரில் நன்றாக இருக்கும். நோட்டுப் போடுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு வேலை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓர் இரவு மூடி வைத்து, தெளிவை மட்டும் பாதி டம்ளர் எடுத்து அதே அளவு நல்ல தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். உறிஞ்சு குழல் போட்டு மெதுவாக ஊதச் சொல்லுங்கள், ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது, பக்கத்திலேயே இருங்கள். பால் மாதிரி ஆகும். இதுவரை எல்லோருக்கும் நினைவிருக்கும், அப்போதே மணி அடித்துவிடும். அதற்கு மேல் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் கரியமில வாயு அதிகமாகி அந்த வெள்ளை மறுபடி கரைந்து தண்ணீர் தெளிய ஆரம்பிக்கும். பால் மாதிரி ஆகிறது பவளம் கட்டுகிற கல். இரண்டாவது தெளிவு, அந்தக் கல் கரைவது. நேரம் பிடிக்கும், வாய் வலிக்கும், ஆள் மாற்றி ஊதுங்கள். எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என்று கீழே எழுதுங்கள், போர் தண்ணீரா ஆர்.ஓ. தண்ணீரா என்பதையும் சேர்த்து.